சுவர் போன கொடி ரோஜா

ரேவின் டல்லி என்பவளைக் கண்டால் கிறைஸ்ட்சர்ச்சின் எங்கள் கிழக்குப் பக்கத்தில் தலை நரைத்த ஆண்கள்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். மரியாதை இல்லை, பயம். அவள் பள்ளிக்கூடங்களில் பல் நர்ஸாக வேலை பார்த்தவள். ஒவ்வொரு பள்ளி மைதானத்தின் மூலையிலும் அவளுக்கென்று ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் இருக்கும். பிள்ளைகள் அதைக் கொலைக்கூடம் என்பார்கள். வகுப்பு வாசலில் அவள் தலை தெரிந்தால் போதும், முன்வரிசையில் யாருக்காவது வயிற்றுவலி வந்துவிடும். ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும், கடையில் அவள் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கிற லாரி டிரைவர் வாயிலிருக்கும் மிட்டாயை அவசரமாக விழுங்குவான்.

அவளுக்கு ரோஜா மேல் ஆசை வந்தது தானாக இல்லை. முதலில் சண்டைதான். அவளும் புருஷன் கிளைவும் ஏவன் ஆற்று வளைவில் அந்த வீட்டை வாங்கியபோது, சமையலறைச் சுவரை மூடிக்கொண்டு ஒரு கொடி ரோஜா நின்றது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பூ, உள்ளே இதழ் மடிப்பில் மட்டும் லேசாக ரோஸ் நிறம். ஜன்னலுக்கு வெளிச்சமே விடவில்லை. ரேவின் ரம்பம் எடுத்துத் தரையோடு அறுத்துப்போட்டாள். அடுத்த வசந்தத்தில் அது ஜன்னலுக்கு வந்தது. மறுபடி அறுத்தாள். அதற்கடுத்த வருடம் கூரைக்கே போய்விட்டது.

"வீட்டோட வந்தது, வெட்டினாலும் போகாது. இது என் மாமியாரேதான்," என்றான் கிளைவ். பஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்க யாரோடும் பேசக்கூடாது என்று பலகை மாட்டிய இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் சேர்த்துவைத்துப் பேசுவான். அன்றிலிருந்து அந்தக் கொடிக்கு மாமியார் என்றே பெயர். ரேவின் தோற்றுப்போய், சுவரில் கம்பி இழுத்து, கிளைகளைக் கிடையாகப் படுக்கவைத்துக் கட்டினாள். படுக்கவைத்த கிளையில் கணுவுக்குக் கணு மொட்டு வந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பித்துப் பிடித்தது.

அப்புறம் ரோஜாவாக வாங்கிக் குவித்தாள். பாதியைக் கொன்றாள். தண்ணீர் ஊற்றிக் கொன்றாள், ஊற்றாமல் கொன்றாள், ஆசைப்பட்டு உரம் போட்டுக் கொன்றாள். போகப் போகக் கை படிந்தது. இங்கே குளிர்காலமான ஜூலையில், பனி உதிரும் காலையில் கிளை வெட்டுவாள். வசந்தத்தில் ஆட்டுப்புழுக்கை உருண்டை போடுவாள். அசுவினிப் பூச்சி அப்பிய மொட்டை விரலாலேயே வழித்து நசுக்குவாள். பல் பிடுங்கிய விரல்கள், கூசாது.

"ரோஜாவுக்கு முகம்தான் அழகு, கால் அழகில்லை," என்பாள். "குச்சிக்கால். பாவாடை கட்டிவிடணும்."

அதனால் எந்த ரோஜாவையும் தனியாக நிறுத்தமாட்டாள். காலடியில் பூனைப்புதினா நீலப் புகைபோலப் படர்ந்திருக்கும். தெருப்பூனைகள் எல்லாம் அதில் புரண்டு போதையில் கிடக்கும். நிழல் விழும் இடத்தில் ஜெரேனியம். செடிக்குச் செடி நடுவே பூண்டு. பாதையோரம் வெள்ளை அலிசம், தேனீக்களுக்கு. லாவெண்டரை மட்டும் தள்ளி, மேட்டில் வைத்திருந்தாள். ரோஜா தண்ணீர் கேட்கும், லாவெண்டருக்குத் தண்ணீர் ஆகாது. "ஒரே வீடுன்னாலும் ரெண்டுக்கும் தனித்தனிச் சமையல்," என்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தவிட்டா இருந்தான். சமோவாத் தீவுக்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, கதவு அகலத்துக்கு உடம்பு. அவனுடைய பிள்ளைகள் எல்லாரும் ரேவினிடம் பல் காட்டியவர்கள்.

"நர்ஸம்மா, இவ்வளவு இடத்துல சேம்பு வெச்சிருந்தா ஒரு கல்யாணத்துக்கே சமைச்சிருக்கலாம்," என்பான்.

"சேம்புக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது."

"எனக்கும்தான் ஆகலை. எனக்கு யாராவது பாவாடை கட்டிவிட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு உங்க ஊரு ஆம்பளைப் பாவாடையை நீதான் கட்டிக்கிட்டுப் போறியே!"

வேலி அதிரச் சிரிப்பான். இப்படித்தான் அவர்களுடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒரு மதியம். கோடை, ரோஜா இரண்டாம் முறை பூக்கும் நேரம். ரேவின் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தரைக்கடியில் ஒரு சரக்கு ரயில் வருவதுபோல் சத்தம் கேட்டது; அது என்னவென்று தலை நிமிர்வதற்குள் தரை அவளைத் தூக்கி எறிந்தது. கையும் காலும் ஊன்றி, புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். புகைபோக்கி செங்கல் செங்கலாகக் கூரைமேல் உருண்டது. கிளைவ் கொட்டகையிலிருந்து தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து, "ரே! ரே!" என்று அவள் பக்கத்திலேயே நின்று கத்தினான்.

நடுக்கம் நின்ற பிறகுதான் அது ஆரம்பித்தது. பாத்தியின் நடுவில் மண் குமிழ் விட்டது. சாம்பல் நிறச் சேறு, சோற்றுக் கஞ்சி பொங்குவதுபோல் கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு எல்லா இடத்திலும். பூனைப்புதினா முழுகியது. அலிசம் முழுகியது. பூண்டின் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ரோஜாக்கள் முழங்கால் வரை சேற்றில் நின்றன, பூவோடு. ஒன்றும் செய்ய முடியவில்லை. வருகிற தண்ணீரைத் தடுக்கலாம். பூமியே வாந்தி எடுத்தால் எந்த வாளியை வைத்துப் பிடிப்பது?

அன்று நகரத்தின் நடுவில் கட்டடங்கள் விழுந்து ஆட்கள் செத்தார்கள். பேட்டரி ரேடியோவில் தெருப்பெயர்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தவிட்டாவின் மனைவியுடைய தங்கை அன்று சாயங்காலம் வரை வீடு திரும்பவில்லை. திரும்பி வந்தபோது காலில் செருப்பில்லை, பேச்சும் இல்லை. இந்த நேரத்தில் செடியைப் பற்றி வாய் திறக்க ரேவினுக்கு வெட்கமாக இருந்தது. யார் கேட்டாலும், "நாங்க நல்லா இருக்கோம், புகைபோக்கிதான் போச்சு," என்றாள்.

ஆனால் அந்தச் சேறு காய்ந்தால் சிமெண்ட். அது அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை, குடிக்கத் தண்ணீர் லாரி வருமா என்று தெருவே காத்திருக்கும்போது, அவள் ஒரு சூப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, ஒவ்வொரு ரோஜாவின் தண்டையும் சுற்றித் தோண்டினாள். மண்வெட்டி போட்டால் பட்டை உரிந்துவிடும். தவிட்டா தள்ளுவண்டியோடு வந்து நின்றான். அவள் அள்ளியதைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவோரம் கொட்டினான். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு சாம்பல் மலைகள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மண்வெட்டிகளோடு கூட்டமாக வந்து, முன்வாசலை வழித்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "தோட்டத்தையும் அள்ளிடட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். "அதை நான் பார்த்துக்கிறேன். நீ போய் அடுத்த வீட்டைப் பாரு," என்றாள் ரேவின்.

இலையுதிர் காலம் முடிவதற்குள் பாத்தி கண்ணுக்குத் தெரிந்தது. ரோஜாக்கள் புதுத் தளிர் விட்டன, பருவம் தப்பி, பயந்தவை போல. மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூனில் மறுபடி. ஒரே மதியத்தில் இரண்டு முறை. முதல் ஆட்டத்துக்கு வெளியே ஓடியவர்கள் உள்ளே போகலாமா என்று யோசிக்கும்போது இரண்டாவது வந்தது. அதே ரயில், அதே குமிழ்கள், அதே சாம்பல் கஞ்சி. ரேவின் அழவில்லை. நேராகப் போய்க் கரண்டியை எடுத்தாள்.

"ரே, போதும் விடு," என்றான் கிளைவ்.

"இப்பதான் இளகி இருக்கு. நாளைக்கு இறுகிடும்."

"யாருக்காகத் தோண்டுறே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் குனிந்து தோண்டினாள். அவன் முட்டி வலியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரோஜாவின் காலைத் தொட்டான். "இதுல எது செடி, எது களை?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மாதமே அரசாங்கம் ஊரை வண்ணம் பிரித்தது. பச்சை என்றால் இருக்கலாம். சிவப்பு என்றால் நிலம் இனி வீடு தாங்காது. வீட்டை அரசாங்கம் வாங்கிக்கொள்ளும், ஆள் போய்விட வேண்டும். ஆற்று வளைவு முழுக்கச் சிவப்பு. தவிட்டாவின் வீடு சிவப்பு. எதிர்ச் சாரி சிவப்பு. விற்கமாட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் சாக்கடையும் தண்ணீரும் விளக்கும் இல்லாத தெருவில் தனியாக யார் இருப்பது? கோபப்படக்கூட ஆள் இல்லை. மண்ணின்மேல் யார் கோபப்படுவார்கள்?

தவிட்டா பிரிஸ்பேனுக்குப் போக முடிவு செய்தான். அங்கே அண்ணன் இருக்கிறான், வெயிலும் இருக்கிறது.

"எனக்கு ஒரு செடி குடுங்க நர்ஸம்மா, அங்க வெக்கிறேன்," என்றான்.

"விமான நிலையத்துல பிடுங்கிப் போட்டுடுவாங்க. ஷூவுல ஒட்டின மண்ணுக்கே கேள்வி கேக்கற ஊரு அது."

"அப்போ ஒரு பூ குடுங்க. காரு வரைக்குமாவது எடுத்துட்டுப் போறேன்."

அது குளிர்காலம், பூ இல்லை. ஒரு லாவெண்டர் கொத்தை ஒடித்துக் கொடுத்தாள். அதைக் காது மடலில் செருகிக்கொண்டு, பிள்ளைகளைக் காரில் அடைத்துக்கொண்டு போனான். அந்தப் பக்கத்து வீடு இருட்டானது.

ரேவினும் கிளைவும் கிளம்பும் முறை அடுத்த வருடம் வந்தது. நல்லவேளையாக ஜூலை, ரோஜா தூங்குகிற நேரம், பிடுங்கலாம். ரேவின் ஒவ்வொன்றையும் குட்டையாக வெட்டி, வேர்ப்பந்தோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றினாள். பூனைப்புதினாவும் ஜெரேனியமும் பிரச்சினையே இல்லை. மண்வெட்டியால் இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைக்கும். மாமியாரிடம் வந்து நின்றாள். அடித்தண்டு அவள் தொடை பருமன். வேர் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருந்தது. ஒரு பக்கம் தோண்டிப் பார்த்தாள். கிளைவ் இன்னொரு பக்கம் தோண்டினான். சாயங்காலம் குழியை மூடிவிட்டார்கள்.

போன இடம் வாடகை வீடு. ஊரில் பாதிப் பேர் வீடு தேடும்போது கிடைத்ததே பெரிது. பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தளம். செடிகளைத் தொட்டிகளில், வாளிகளில், பழைய குளிப்புத் தொட்டியில் வைத்தாள். ஒரு கோடை, ஒரே ஒரு கோடை தாங்கினால் சொந்த இடம் பார்த்துவிடலாம் என்று கணக்கு. வசந்தத்தில் எல்லாம் துளிர்த்தன. தொட்டியில் வைத்த ரோஜாவுக்குத் தினம் தண்ணீர் வேண்டும். வடமேற்குக் காற்று அடித்தால் இரண்டு வேளை வேண்டும். அந்தக் காற்று மலையைத் தாண்டி அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வரும். காலையில் பச்சையாக இருந்தது மதியம் அப்பளம்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், காலை உணவு மேஜையில் கிளைவ் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனான். ரொட்டி காதுக்குப் போனது. "என்ன விளையாட்டு?" என்றாள் ரேவின். அவன் முகத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மூளையில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. வாய் ஓயாதவன் "ஆ" என்ற ஒரே எழுத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அவள் கிளம்ப எழுந்தால் இடது கையால் அவள் சட்டையைப் பிடித்துக்கொள்வான். பேசத் தெரியாத அந்தப் பிடியை அவளால் விலக்க முடியவில்லை. பெர்த்திலிருந்து மகள் கெய்லீன் தினம் போனில் கூப்பிட்டாள். "அம்மா, நீ சாப்பிட்டியா? தூங்கறியா? இப்பவே கிளம்பி வரட்டுமா?"

"வந்து என்ன பண்ணப்போறே? டாக்டரே பொறுத்திருந்து பாக்கணும்னுதான் சொல்றார்."

ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடின. வடமேற்குக் காற்று. அவள் பார்த்தாள். அவன் சட்டையைப் பிடித்திருந்தான். அவளுக்குத் தெரியும், சிமெண்ட் தளத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று, ஒவ்வொரு தொட்டியாகத் தெரியும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம்; ஆனால் அவர்களும் வந்து இறங்கியவர்கள், பெயர்கூடத் தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து இருந்தவற்றுக்கு ஊற்றினாள். மறுநாளும் காற்று. அதற்கு மறுநாளும். புது வருடம் பிறந்து சில நாட்களில், ஒரு தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பச்சை இல்லை, பழுப்பு. அடுத்ததையும் சுரண்டினாள். வரிசையாக எல்லாவற்றையும் சுரண்டி முடித்தபோது நகம் தேய்ந்திருந்தது. பூனைப்புதினா மட்டும் ஒரு வாளியில் உயிரோடு இருந்தது. சேற்றில் இரண்டு முறை முழுகிப் பிழைத்தவை, தன் கையில் இருந்தபோது செத்தன என்பதுதான் அவளால் விழுங்க முடியாததாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கிளைவிடம் சொல்லி என்ன? அவன் அழுதால் நிறுத்தத் தெரியாமல் அழுவான். அந்த நோய் அப்படி.

அந்த வருடம் நவம்பரில் ஒருநாள், கிளைவைக் கைப்பயிற்சிக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், அவள் காரை எடுத்துக்கொண்டு ஆற்று வளைவுக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டை இடித்து அள்ளிவிட்டிருந்தார்கள். தெருவே திறந்த வெளி. வேலிகள் இல்லை, எது யார் இடம் என்று தெரியவில்லை. பழைய கார்ப்பாதையின் வெடிப்புகளில் அவளுடைய பூனைப்புதினா தானே முளைத்துப் பரவியிருந்தது. அதை வைத்துத்தான் தன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

மாமியார் தரையில் கிடந்தாள்.

சுவரைப் பிடுங்கியபோது கம்பிகளோடு சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளைகள் முறிந்தும் முறியாமலும் செங்கல் துண்டுகள்மேல் பரந்து விழுந்திருந்தன. அப்படியே, விழுந்த வாக்கிலேயே, அத்தனை கணுவிலும் பூத்திருந்தது. ஒரு விரிப்பு அளவுக்கு வெள்ளை. தேனீக்களின் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. ரேவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். எங்கே போனாலும் அது பையில் இருக்கும். முறிந்த கிளைகளைச் சுத்தமாக வெட்டினாள். கம்பிச் சுருளை அவிழ்த்தாள். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், யாரும் பார்க்கப்போகாத செடியின் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வாரா வாரம் போனாள். தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோனாள். ஒரு வாரம், ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் மண்வாரி இயந்திரத்திலிருந்து இறங்கி வந்தான். நடுத்தர வயது, வெயிலில் வெந்த கழுத்து.

"இங்க இருக்கக்கூடாதும்மா. வேலை நடக்கிற இடம்." பிறகு முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று வாயைக் கையால் மூடினான். "பல் நர்ஸ்தானே நீங்க?"

"பெயர் என்ன?"

"டாரில். டாரில் பிஸ்கோ."

"முன்பல் ரெண்டும் உடைஞ்சவன். ஊஞ்சல்ல விழுந்து."

"ஆமா," என்று கையை எடுத்துக் கட்டுப்பல்லைக் காட்டினான். அப்புறம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "உங்க வீடா இது?" என்றான்.

"இருந்துச்சு."

"அடுத்த வாரம் இந்த வரிசையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காங்க. பெரிய மரம் மட்டும் நிக்கும். மத்ததெல்லாம் வாரிட்டுப் புல் விதைக்கணும்."

"இது ஒண்ண விட்டுவிட முடியாதா?"

"என் கையில இல்லைம்மா. நான் விட்டுட்டுப் போனாலும் அடுத்து வர்றவன் வாருவான்." டிரெய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு பண்ணலாம். இயந்திரத்தாலயே வேரோட அலுங்காமத் தூக்கி டிரெய்லர்ல வெக்கிறேன். எங்க இறக்கணும்னு சொல்லுங்க, வேலை முடிச்சுட்டு நானே கொண்டுவந்து இறக்கறேன்."

ரேவின் யோசித்தாள். வாடகை வீட்டின் சிமெண்ட் தளம். அடுத்த மாதம் கிளைவுக்காகப் போகப்போகும் முதியோர் குடியிருப்பு: ஒரு படுக்கையறை, சக்கர நாற்காலி நுழையும் கதவுகள், வாசலில் ஆள் வைத்துப் பராமரிக்கும் செடிகள்; குடியிருப்பவர்கள் மண்ணைத் தொடக்கூடாது. மகள் பெர்த்தில். தவிட்டா பிரிஸ்பேனில். பழைய சிநேகிதிகள் பாதிப் பேர் செத்தாயிற்று, மீதிப் பேர் இவளைப்போலவே அடுக்கு வீட்டில். தூக்கிக்கொடுக்க ஆள் இருக்கிறான். இறக்க ஒரு அடி மண் இல்லை.

"பூத்திருக்கும்போது தூக்கினா பிழைக்காது டாரில்," என்றாள். அது உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

"அப்போ..."

"நீ உன் வேலையைப் பாருப்பா."

அடுத்த வாரம் அவள் போகவில்லை. பிறகு எப்போதோ பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது புல் முளைத்திருந்தது.

புதுக் குடியிருப்பில் கிளைவ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். நடை வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஆனால் காதும் புத்தியும் தெளிவு. அவள் தப்பாகச் சொன்னால் நாற்காலிக் கையில் தட்டுவான். அவர்களுக்கு எதிர் வீட்டில் புதிதாக ஒருத்தி குடிவந்தாள், மெர்சியா என்று பெயர். ஒரு தொட்டியில் மஞ்சள் ரோஜா வைத்திருந்தாள். ஒருநாள் மதியம் இலை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு கதவைத் தட்டினாள். மஞ்சள் இலை, கரும்புள்ளிகள்.

"கொட்டிக்கிட்டே இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியலை. உங்களுக்கு ரோஜா பத்தித் தெரியுமாமே?"

ரேவின் அந்த இலையைப் பார்த்தாள். காற்றோட்டம் இல்லை, மேலே தண்ணீர் தெளிக்கிறாள், விழுந்த இலையைப் பொறுக்கவில்லை. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"யார் சொன்னாங்க?" என்றாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பல் நர்ஸ்."

கிளைவ் நாற்காலிக் கையில் தட்டினான். மெர்சியா திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் பலமாகத் தட்டினான், "ஆ, ஆ" என்றான், கண் ரேவினையே பார்த்தது.

"அவருக்கு டீ வேணும்போல," என்று ரேவின் கதவைச் சாத்தினாள்.

அன்று இரவு உணவுக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. பூசணி சூப்பு, அவனுக்குப் பிடித்தது. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான். சூப்பு ஆறியது. சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். மறுபடி திருப்பினான்.

"என்னால முடியலை கிளைவ்," என்றாள் கடைசியில். "திரும்பவும் ஒரு செடியைக் கையில எடுத்து, அது சாகறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது. கோபப்படு, பரவாயில்லை. ஆனா சாப்பிடு."

அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பி வாயைத் திறந்தான். ஊட்டினாள். இடப்பக்கமாகத்தான் ஊட்ட வேண்டும், வலப்பக்கம் வழிந்துவிடும்.